ஒரே உடம்பில் இரண்டு வயது

நெதர்லாந்தின் வடகிழக்கில் ட்ரென்ட்டே என்றொரு மாகாணம் இருக்கிறது. சதுப்பு நிலத்தை வெட்டி, அந்தக் கரிமண்ணைக் காயவைத்து, அடுப்பெரிக்க விற்றுப் பிழைத்த ஏழைகளின் பூமி. அந்த நிலத்தையும் அங்கே உழைத்தவர்களையும் வரைவதற்காக 1883இல் ஓவியர் வின்சென்ட் வான்கோ அங்கே போனார். முதல் சில வாரங்கள் ஹோகவேன் என்ற சிற்றூரில் தங்கினார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1890 ஜூன் 29 அன்று, அதே மாகாணத்தின் ஸ்மில்டே கிராமத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 29 அன்று, வான்கோ பிரான்சில் இறந்துபோனார். அந்தக் குழந்தை 2005 ஆகஸ்ட் 30 வரை வாழ்ந்தது. 115 ஆண்டுகள், 62 நாட்கள்.

ஹென்ட்ரிக்யே என்று பெயர் வைத்தார்கள், எல்லாருக்கும் ஹென்னி. குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்தபோது எடை 1.6 கிலோ. இன்றுகூட அந்த எடையில் பிறக்கும் குழந்தையைத் தனிப்பிரிவில் வைத்துத்தான் காப்பாற்றுகிறோம். அந்தக் கிராமத்தில் ஹென்னியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டது அவளுடைய பாட்டி. ஐந்து வயதில் பாலர் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஐந்து நாள் போனதோடு உடம்பு சரியில்லாமல் போயிற்று. அப்பா ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியர். மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். ஹென்னிக்குத் தையலும் பூவேலையும் நன்றாக வந்தன. வளர்ந்தபின் அதையே பிறருக்கும் கற்றுக்கொடுத்தார். ஐம்பதை நெருங்கும் வயதில்தான் திருமணம். கணவர் டிக் வான் ஆன்டெல். பிள்ளைகள் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது நகைகளை விற்றுச் சாப்பாட்டுக்கு வழி செய்தார். பின்னாளில் ஹோகவேனுக்கு வந்து சேர்ந்தார். 1959இல் கணவர் புற்றுநோயால் இறந்தபோது ஹென்னிக்கு எழுபதை நெருங்கும் வயது.

பொதுவாக ஒரு வாழ்க்கைக் கதையை முடிக்கும் இடம் அது. ஹென்னிக்கோ அதன்பின் இன்னும் 46 ஆண்டுகள் இருந்தன. 105 வயதுவரை தன் வீட்டில் தனியாகவே குடித்தனம் நடத்தினார். பிறகு ஹோகவேனிலேயே ஒரு முதியோர் இல்லத்துக்கு மாறினார். நூறாவது வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு தேறினார். கண் பார்வை மங்கிய பிறகும் உலக அரசியலில் என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கால்பந்து அணி என்றால் உயிர். அந்த அணி தொடங்கியது 1900இல். அவரைவிடப் பத்து வயது சிறியது.

தினமும் ஒரு துண்டு ஹெர்ரிங் மீனும் ஆரஞ்சுச் சாறும் சாப்பிடுவதாக அவர் சொன்னார். பத்திரிகைகள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. நீண்ட ஆயுள் கொண்ட எவரைப் பார்த்தாலும் நாம் முதலில் கேட்பது “என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்பதுதான். அதில் தவறில்லை. ஆனால் வட கடல் ஓரத்தில் கோடிக்கணக்கானோர் ஹெர்ரிங் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் 115 வயதை எட்டிவிடவில்லை. ஹென்னியின் அம்மா நூறு வயதுவரை வாழ்ந்தார் என்பது அந்த மீனைவிட முக்கியமான துப்பு. அதைவிடவும் முக்கியமானது ஹென்னி எடுத்த ஒரு முடிவு. அவர் எத்தனை நாள் வாழ்ந்தார் என்பதைக்காட்டிலும் அந்த முடிவுக்காகத்தான் அவரை நான் வணங்குகிறேன்.

1972இல், தனக்கு 82 வயதானபோது, தான் இறந்தபின் தன் உடலை அறிவியலுக்குத் தருவதாக அவர் எழுதிக்கொடுத்தார். குரோனிங்கன் பல்கலைக்கழகம் அந்தக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தது. ஆண்டுகள் ஓடின. கையெழுத்துப் போட்டவர் சாகவில்லை. 111 வயதில் அவருக்கு ஒரு கவலை வந்தது: இவ்வளவு கிழடாகிப்போன உடம்பு இனி யாருக்காவது பயன்படுமா? பல்கலைக்கழகத்தைத் தொடர்புகொண்டு கேட்டேவிட்டார். மறுமுனையில் நரம்பியல் உடற்கூற்றுப் பேராசிரியர் கெர்ட் ஹோல்ஸ்டெகே. பயனில்லாமல் போவதாவது! அந்த வயதில், அந்தத் தெளிவோடு, தானே முன்வந்து கேட்கும் ஒருவர் மருத்துவ ஆய்வுக்குக் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது அவருக்கு உடனே புரிந்தது. உயிரோடு இருக்கும்போதே சில சோதனைகள் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். ஹென்னி சம்மதித்தார்.

அவருடைய 112ஆம் வயதிலும் 113ஆம் வயதிலும் நினைவாற்றல், கவனம், சிந்தனை ஆகியவற்றைச் சோதித்தார்கள். ஒட்டுமொத்தமாக அவருடைய திறன், 60 முதல் 75 வயதுவரையுள்ள ஆரோக்கியமானவர்களின் சராசரியைவிட மேலாக இருந்தது. தன்னைவிடப் பல பத்தாண்டுகள் இளையவர்களோடு போட்டியிட்டு அவர் முந்தியிருக்கிறார்.

இறந்தபின் நடந்த பரிசோதனை இன்னும் வியப்பானது. இறப்புக்குக் காரணம் வயிற்றுப் புற்றுநோய். அதைத் தவிர்த்துப் பார்த்தால் உடலின் ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவு ஏறக்குறைய இல்லை. மூளையைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அல்சைமர் நோயில் இரண்டு வகைக் குப்பைகள் மூளையில் சேரும். ஒன்று, நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படியும் அமிலாய்டு புரதம். மற்றொன்று, நரம்பணுவுக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு சிக்கலாகும் டவ் புரதம். ஹென்னியின் மூளையில் அமிலாய்டு படிவு இல்லையென்றே சொல்லலாம். டவ் சிக்கல்கள் ஆறு படிநிலைகளில் இரண்டாம் படியைத் தாண்டவில்லை. எழுபது வயதுக்காரர்கள் பலரிடம் சாதாரணமாகக் காணப்படும் அளவு அது.

மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி ஒன்று உண்டு. நாம் விழிப்பாக இருக்கவும், ஒன்றில் கவனத்தைக் குவிக்கவும் தேவையான நார்அட்ரினலினை மூளை முழுவதற்கும் அனுப்புவது இந்த இடம்தான். அல்சைமர் நோயில் மிக முன்கூட்டியே அடிவாங்கும் இடமும் இதுவே. அங்கிருந்த நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தபோது, 60 முதல் 80 வயதுவரையுள்ள ஆரோக்கியமானவர்களிடம் எத்தனை இருக்குமோ கிட்டத்தட்ட அத்தனை இருந்தன. ஆய்வுக் கட்டுரை 2008இல் வெளிவந்தது. வயது ஏறினால் மறதிநோய் வந்தே தீரும், மூளை என்பது ஒரு காலக்கெடுவோடு வரும் உறுப்பு என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருந்தது. “வந்தே தீரும்” என்ற கூற்றைப் பொய்யாக்க விதிவிலக்காக ஒருவர் போதும். ட்ரென்ட்டே கிராமத்துத் தையல்காரம்மா அந்த ஒருவரானார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்ல செய்தி என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அவருடைய மூளையைப் போலவே ரத்தமும் பாதுகாக்கப்பட்டிருந்தது. 2014இல் வெளியான இரண்டாவது ஆய்வு அந்த ரத்தத்தைப் பற்றியது. ஆம்ஸ்டர்டாமில் ஹென்ன ஹோல்ஸ்டெகே என்ற மரபியல் ஆய்வாளரின் தலைமையில் அது நடந்தது. என் மனத்தை அதிகம் ஆட்கொண்டது அதுதான்.

ரத்த அணுக்களுக்கு ஆயுள் குறைவு. சிவப்பணு நான்கு மாதம் வாழும். வெள்ளையணுக்களில் சில ஒரே நாளில் போய்விடும். நம் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு வினாடியும் இருபது லட்சம் சிவப்பணுக்களைச் செய்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. இவை அனைத்துக்கும் மூலம் மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்கள். உழவர் வீட்டில் விதைநெல்லை எடுத்துச் சோறு பொங்க மாட்டார்கள். அடுத்த பட்டத்துக்கு அதுதான் ஆதாரம். அதுபோல ஸ்டெம் செல் அடிக்கடி பிரிவதில்லை. எப்போதாவது பிரிந்து, தன்னைப்போல் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றொன்றைப் பெருக்கத்துக்கு அனுப்பும்.

ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏவை முழுசாக நகலெடுக்க வேண்டும். முந்நூறு கோடி எழுத்து நீளம். அங்கங்கே ஓரெழுத்து மாறிப்போகும். அந்த ஸ்டெம் செல்லிலிருந்து வரும் எல்லா ரத்த அணுக்களும் அதே மாற்றத்தைச் சுமந்துகொண்டு வரும். ஆகவே ரத்தத்தில் இருக்கும் மாற்றங்களைக் கணக்கெடுத்தால், எந்த அணு எந்த மூலத்திலிருந்து வந்தது என்று வம்சாவளி வரைந்துவிடலாம். ஆனால் எது பிறவியிலேயே இருந்தது, எது இடையில் மாறியது என்று எப்படிப் பிரித்தறிவது? இங்கேதான் உடல்கொடை கைகொடுத்தது. மூளையின் நரம்பணுக்கள் பிறப்புக்குப் பின் ஏறக்குறையப் பிரிவதே இல்லை. எனவே 1890இல் ஹென்னி எந்த மரபணுத் தொகுதியோடு பிறந்தாரோ அதன் மூலப்பிரதி அவருடைய மூளையிலேயே இருந்தது. ரத்தத்தின் டிஎன்ஏவை மூளையின் டிஎன்ஏவோடு வைத்து ஒப்பிட்டார்கள். உயிரோடு இருப்பவர்களிடம் இப்படிச் செய்ய வழியே இல்லை.

ரத்தத்தில் மட்டும் சுமார் 450 மாற்றங்கள் தென்பட்டன. அவற்றில் புற்றுநோயோடு தொடர்புபட்டவை என்று எதுவும் தெரியவில்லை. பெரும்பாலும் டிஎன்ஏவின் முக்கியத்துவம் குறைந்த பகுதிகளில் விழுந்தவை. 115 ஆண்டுகளில் இவ்வளவு மாற்றத்தைச் சுமந்தும் ரத்தம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதே ஆறுதலான சேதி.

அடுத்து வந்ததுதான் அதிர்ச்சி. ஒரு மனிதரின் ரத்தத்தை ஆயிரக்கணக்கான ஸ்டெம் செல்கள் பங்கிட்டு உற்பத்தி செய்தால், ஏதோ ஒரு செல்லில் விழுந்த மாற்றம் மொத்த ரத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அணுக்களில்தான் இருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது. ஹென்னியிடமோ அந்த 450 மாற்றங்களும் பளிச்சென்று தெரிந்தன. கணக்குப் போட்டால், வெள்ளையணுக்களில் பெரும்பகுதி இரண்டே இரண்டு ஸ்டெம் செல்களிலிருந்து வந்திருந்தது. அந்த இரண்டும்கூட ஒரே மூலத்தில் கிளைத்தவை. மற்றவை எல்லாம் ஓய்ந்துவிட்டிருந்தன, அல்லது ஓரமாக ஒதுங்கிவிட்டிருந்தன.

டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனியில் இருக்கும் காப்புப் பகுதி. செல் பிரியப் பிரிய அது தேய்ந்துகொண்டே போகும். ஹென்னியின் வெள்ளையணுக்களில் இருந்த டெலோமியர், அவருடைய மூளைச் செல்களில் இருந்ததைவிட 17 மடங்கு குட்டையாக இருந்தது. அறுபது எழுபது வயது என்று சொல்லத்தக்க மூளையும், விதைநெல் தீரும் நிலையில் இருந்த மஜ்ஜையும் ஒரே பெண்ணுக்குள் இருந்திருக்கின்றன. “இவருக்கு எத்தனை வயது?” என்ற கேள்விக்கு உடம்பின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு பதில் சொல்கிறது. மனித ஆயுளுக்கு மேல்வரம்பு ஒன்று இருக்குமானால், அதை விதிப்பவற்றில் ஒன்று ஸ்டெம் செல்கள் ஓய்ந்துபோவதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விசித்திரமாக இருக்கக்கூடாதா? எட்டு ஆண்டுகள் கழித்து, 2022இல், பிரிட்டனில் நடந்த ஆய்வு அதற்குப் பதில் தந்தது. பச்சிளங்குழந்தை முதல் 81 வயது முதியவர்வரை பத்துப்பேரின் ரத்த ஸ்டெம் செல்களை ஒவ்வொன்றாக வளர்த்து வாசித்தார்கள். 65 வயதுக்கு உட்பட்டவர்களிடம் 20,000 முதல் 2,00,000 ஸ்டெம் செல்கள்வரை சமமாக வேலையைப் பகிர்ந்துகொண்டிருந்தன. 75 வயதைக் கடந்தவர்களிடமோ, பத்து இருபது ஸ்டெம் செல் குடும்பங்களே ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கும் மேல்வரை உற்பத்தி செய்துகொண்டிருந்தன. ஆக, ஹென்னி நம்மில் எல்லாரும் நடக்கும் பாதையில்தான் நடந்தார். நம்மைவிட வெகுதூரம் போய் அதன் கடைசிக்கு அருகில் இருப்பதைக் காட்டினார்.

குட்டையான டெலோமியரே ஆளைச் சாய்த்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஓலோட் என்ற சிற்றூரில் வாழ்ந்த மரியா பிரான்யாஸ் 2024இல் 117 வயதில் இறந்தார். அவருடைய டெலோமியர்களும் மிகக் குட்டையாகவே இருந்தன. ஆனால் டிஎன்ஏவின்மேல் படியும் வேதிக்குறிகளை வைத்துக் கணக்கிட்டபோது, அவருடைய உடல் உண்மை வயதைவிட இருபது ஆண்டுகளுக்கு மேல் இளமையாக இருந்தது. ஆயுளை அளக்க ஒரே ஒரு அளவுகோலை நம்புகிறவர்களுக்கு இந்த இரண்டு பெண்மணிகளும் நல்ல எச்சரிக்கை.

ஹென்னி உயிரோடிருந்தபோது, உலகிலேயே மூத்தவர் என்று 2004 மே முதல் அறியப்பட்டிருந்தார். அவர் இறந்து சில மாதங்களில் ஈக்வடாரின் மரியா கபோவில்லாவின் பிறப்புச் சான்றுகள் உறுதியாயின. 1889 செப்டம்பரில் பிறந்தவர். பட்டம் பின்தேதியிட்டு அவருக்குப் போயிற்று. நீண்ட ஆயுளைப் பற்றிய எந்த ஆய்வும் பிறப்புப் பதிவேட்டில்தான் தொடங்கியாக வேண்டும். அந்த வகையில் 1890இன் ட்ரென்ட்டே கொடுத்துவைத்தது. குழந்தையின் பிறப்பு ஊராட்சி ஏட்டில் ஏறியிருந்தது.

ஹென்னியின் ரத்த ஆய்வுக்குத் தலைமை வகித்த ஹென்ன ஹோல்ஸ்டெகே 2013இல் நெதர்லாந்து முழுவதும் அறிவுத் தெளிவோடிருக்கும் நூறு வயதுக்காரர்களைத் தேடி ஒரு நீண்டகால ஆய்வைத் தொடங்கினார். ஆய்வாளர்கள் அவரவர் வீட்டுக்கே போய்ச் சோதிக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள், பலர் இறந்தபின் மூளையைத் தரவும் சம்மதித்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த ஒரு முடிவு ஹென்னியின் கதைக்குள் இன்னொரு கதவைத் திறக்கிறது. அந்த மூளைகள் எல்லாம் அவருடையதைப்போலத் துப்புரவாக இல்லை. சிலவற்றில் அல்சைமர் நோயாளிக்கு நிகரான அமிலாய்டு படிந்திருந்தது. ஆனால் அதைச் சுமந்தவர்கள் அறிவுத் தெளிவோடுதான் இருந்தார்கள். குப்பை சேராமல் தடுப்பது ஒரு வழி. சேர்ந்தாலும் தாங்கிக்கொள்வது மற்றொரு வழி. எந்த மரபணுக்கள் முதலாவதைச் செய்கின்றன, எவை இரண்டாவதைச் செய்கின்றன என்பதைத்தான் ஆம்ஸ்டர்டாமில் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.