முள்ளுக்காட்டில் ஒரு சுற்று

ஒரகடத்திலிருந்து கிழக்கே போனால் வண்டலூர். 1985-ல் சென்னையிலிருந்து மாறி வந்த உயிரியல் பூங்கா அங்கேதான். எல்லாரும் புலி பார்க்க ஓடுறோம். நான் காட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

நுழைவாயிலில் தொடங்கி, சுற்றி, அங்கேயே வந்து சேரலாம். பெரிய ஏற்றம் கிடையாது. வழியெல்லாம் களா, காரை மாதிரிப் புதர்கள். மழை அதிகம் பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஆனாலும் சோழமண்டலக் கரையின் இந்த உலர் பசுமைமாறாக் காட்டில் பல மரங்கள் கோடையிலும் மொட்டையாவதில்லை. எப்படி? சின்ன இலை, நல்ல தடிப்பு, மேலே மெழுகுப் பூச்சு. பெயின்ட் ஷாப் கோட்டிங் மாதிரின்னு வச்சுக்குங்க. உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் போகாது.

இப்படிப்பட்ட புதரைத்தான் 'தரிசு' என்று எழுதிவிட்டு புல்டோசர் விடுகிறார்கள். நாளைக்கு அந்த சர்வேயைச் செய்யப் போவது நம்ம சிவில் பசங்கதான்!

தண்ணீர் எடுத்துக்குங்க. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.