பாஸ்போர்ட் முடிய இன்னும் எத்தனை மாதம்?

எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ, உப்புக்குளத்திலோ சிலாவத்துறையிலோ வாழும் அன்புச் சகோதரியே! உங்கள் வீட்டிலிருந்து கடல் கடந்து போனவர் யார்? கணவரா, மகனா, அல்லது பிள்ளைகளை உம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போன ராத்தாவா? அவர் அனுப்பும் பணம் எந்தத் தேதியில் வரும் என்பது உங்களுக்கு மனப்பாடம். அவருடைய பாஸ்போர்ட் எந்தத் தேதியில் முடிகிறது என்று தெரியுமா?

பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் இருப்பதில்லை. "அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடுகிறோம். அங்கே இருப்பவரோ காலை முதல் நள்ளிரவு வரை வேலையில் மூழ்கியிருக்கிறார். தேதி கடந்த பிறகுதான் விழிப்பு வருகிறது. பாஸ்போர்ட் காலாவதியானால் இகாமா புதுப்பிக்க முடியாமல் போகும். இகாமா போனால் அந்நாட்டில் தங்கும் உரிமையே போகும். வாப்பாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தாலும் உடனே விமானம் ஏற முடியாது. மையித் அடக்கமான பிறகு தொலைபேசியில் அழுவதுதான் மிஞ்சும். ஒரு சிறு புத்தகத்தின் தேதியைக் கவனிக்காததற்கு இது பெரிய விலை அல்லவா?

புதுப்பிப்பது எப்படி?

புதுப்பித்தல் என்றால் பழைய புத்தகத்தில் முத்திரை குத்தி நீட்டுவது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. புதிய எண்ணோடு புதிய புத்தகமே தருகிறார்கள். பெரியவர்களுக்கு அது 10 ஆண்டு செல்லும்.

சவூதியில் இருப்பவர்கள் ரியாத்தில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் அல்லது ஜித்தாவில் உள்ள துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அமீரகத்தில் அபுதாபியும் துபாயும். குவைத்திலும் கத்தாரிலும் அங்கங்குள்ள தூதரகங்கள். விண்ணப்பம் அங்கிருந்து கொழும்புக்கு வந்து, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் புத்தகத்தைத் தயாரித்து, அது மீண்டும் கடல் கடந்து போக வேண்டும். இதற்கு வாரங்கள் அல்ல, சில வேளை மாதங்களே ஆகிவிடும். 2024இல் பாஸ்போர்ட் புத்தகத் தட்டுப்பாட்டினால் பத்தரமுல்லையில் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றது நினைவிருக்கும். ஆகவே முடியும் தேதிக்கு ஓராண்டு இருக்கும்போதே முயற்சியைத் தொடங்கிவிட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாகச் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டை பல நாடுகள் ஏற்பதில்லை என்பதையும் மறவாதீர்கள்.

விடுமுறையில் ஊர் வரும் ஆண்டில் தேதி நெருங்குமானால், இங்கேயே முடித்துக்கொள்வதுதான் சுலபம். மன்னார் மக்களுக்குக் கொழும்பைவிட வவுனியாக் கிளை அலுவலகம் பக்கம். 16 முதல் 60 வயது வரையானோர் கைவிரல் அடையாளம் கொடுக்க வேண்டும் என்பது 2015 முதல் உள்ள விதி. எனவே அவருக்குப் பதிலாக வேறொருவர் போய் வாங்கிவர முடியாது.

புதிய புத்தகம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. சவூதியில் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணை இகாமாவில் பதிய வேண்டும். "நகல் மஅலூமாத்" என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். இப்போது கபீல் அதை அப்ஷிர் மூலம் செய்கிறார். விசா பழைய புத்தகத்தில் இருந்தால் அதையும் சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

காகிதம் வீட்டில் இருக்கிறதா?

தூதரகம் முதலில் கேட்பது பழைய பாஸ்போர்ட், தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ். இந்த மூன்றாவது காகிதத்தில்தான் நம் மக்கள் தடுமாறுகிறார்கள். காரணம் தெரிந்ததே. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளின் உத்தரவால் மன்னார் முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, படகில் ஏறியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். பெட்டியைத் தூக்க முடியவில்லை. வட மாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் அப்படி வெளியேறினார்கள். காணி உறுதியும் கலியாணப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் பூட்டிய வீட்டிலேயே கிடந்து போயின.

ஆனால் மனம் தளர வேண்டாம். உங்கள் கையிலிருந்தது பிரதிதான். பிறப்புப் பதிவேடு இரட்டையாக எழுதப்படுவது. ஒன்று மாவட்டத்தில் இருக்கும்; மற்றொன்று பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குப் போகும். ஓரிடத்தில் இல்லாவிட்டால் மற்ற இடத்தில் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். 1990க்குப் பின் புத்தளம், கற்பிட்டிப் பகுதி முகாம்களில் பிறந்த பிள்ளைகள் இன்று முப்பது வயதைத் தாண்டியவர்கள். தாங்கள் மன்னார் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அது சரியே. ஆனால் அவர்களுடைய பிறப்புப் பதிவு மன்னாரில் இராது. பிறந்த ஆஸ்பத்திரி எந்தப் பிரிவில் இருந்ததோ அங்கேதான் தேட வேண்டும். கணினியில் ஏற்றப்பட்ட பதிவாயின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி கிடைக்கும். பதிவே செய்யப்படாதிருந்தால் காலங்கடந்த பதிவுக்கு மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். இந்த அலைச்சலை வெளிநாட்டில் இருப்பவர் செய்ய முடியாது. வீட்டில் இருக்கும் நீங்கள் செய்யலாம்.

ஓர் எழுத்து செய்யும் வேலை

நம் பெயர்கள் அரபுப் பெயர்கள். தமிழில் எழுதி, அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொருவர் கையில் ஒவ்வொரு விதமாகிவிடுகிறது. பாத்திமா என்பதை ஒருவர் "எஃப்" போட்டு எழுதுவார். இன்னொருவர் "பி" போட்டு எழுதுவார். அடையாள அட்டையில் ஒன்று, பாஸ்போர்ட்டில் மற்றொன்று என்றால் விண்ணப்பம் திரும்பி வரும். எல்லாக் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

படம் பற்றியும் ஒரு சொல். சமய முறைப்படி தலையை மறைப்பதை சர்வதேச விமானப் போக்குவரத்து விதி தடுக்கவில்லை. நெற்றி முதல் நாடி வரை முகம் முழுதும் தெரிய வேண்டும். துணியின் நிழல் முகத்தில் விழக் கூடாது. மேற்கொண்டு என்ன கேட்கிறார்கள் என்பதைப் படம் பிடிக்குமுன் அந்தத் தூதரகத்தில் விசாரிப்பது நல்லது.

புத்தகம் யார் கையில்?

வீட்டு வேலைக்குப் போன சகோதரிகளுக்கு இதுதான் பெரிய சோதனை. போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை எஜமானர் வாங்கி அலுமாரியில் பூட்டிவிடுகிறார். எப்போது முடிகிறது என்று பார்க்கக்கூட வழியில்லை. குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுத் தொழிலாளர் சட்டம், தொழிலாளியின் சம்மதமின்றி பாஸ்போர்ட்டை வைத்திருக்கக் கூடாது என்கிறது. கத்தாரின் 2015ஆம் ஆண்டுச் சட்டமும் அதைப் பறித்து வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. பிறர் பொருளைப் பிடித்து வைப்பது அமானிதத்துக்கும் மாறானது. பத்திரமாக வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் அது அந்தப் பெண்ணுடைய பாஸ்போர்ட்.

எனவே போகுமுன்பே விபரப் பக்கத்தைப் படம் பிடித்து உங்கள் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணையும் தேதியையும் தனியே எழுதி வையுங்கள். எஜமானர் கொடுக்க மறுத்தால், அவள் தூதரகத்திடம் முறையிடலாம். நீங்கள் இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறையிடலாம். இரண்டுக்கும் அந்த எண் உதவும். புத்தகம் முற்றாகத் தொலைந்தால் அந்நாட்டுப் பொலிஸில் முறைப்பாடு செய்துவிட்டுத்தான் தூதரகம் போக வேண்டும். ஊர் திரும்புவது மட்டுமே நோக்கமானால் ஒரு வழிப் பயணத்துக்குரிய தற்காலிகப் பத்திரம் பெறலாம். 2024இல் குவைத்தும் அமீரகமும் பொதுமன்னிப்பு அறிவித்தது போன்ற வேளைகளில் பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு இந்தப் பத்திரமே துணை.

அங்கே பிறந்த பிள்ளைகள்

குடும்பத்தோடு வெளிநாட்டில் வாழும் சகோதரிகளே! ஜித்தாவிலோ தோஹாவிலோ பிறந்த பிள்ளை, தாயோ தந்தையோ இலங்கையர் என்பதால் மட்டும் தானாக இலங்கைப் பிரசையாகிவிடாது. பிறப்பைத் தூதரகத்தில் பதிய வேண்டும். குடியுரிமைச் சட்டம் இதற்குத் தரும் காலம் ஓராண்டு. அதற்குப் பிந்தினால் கால நீடிப்புக் கேட்டு அலைய நேரும். முன்பு தந்தை வழியாக மட்டுமே கிடைத்த இந்த உரிமை 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தாய் வழியாகவும் கிடைக்கிறது. பிள்ளைக்கு 3 ஆண்டுப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அது உங்களுடையதற்கு வெகு முன்பே முடிந்துவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் விண்ணப்பத்துக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் கேட்பார்கள்.

இன்றிரவு தொலைபேசியில் பேசும்போது சுகம் விசாரித்த பிறகு இந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "பாஸ்போர்ட் எப்போது முடிகிறது?" அவர் சொல்லும் தேதியைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் எழுதுங்கள். அதற்கு ஓராண்டு முந்திய தேதியில் ஒரு சிவப்பு வட்டம் போடுங்கள். நாளைக்கே பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள்.