இருட்டைப் பார்க்க விளக்கைக் குறைக்க வேண்டும்!

சில ஆண்டுகளுக்கு முன், விடியற்காலை ஐந்தரை மணி. கோலா குபு பாரு அருகே, எங்கள் தோட்டத்து வீட்டில், பளிச்சென்று எரியும் குழல் விளக்கின் கீழ் தேநீர் குடித்துவிட்டு உடனே மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். அதன் விளக்கோ மங்கல். செம்மண் சாலையின் வளைவில் படுத்திருந்த மாடு கடைசி நொடியில்தான் தெரிந்தது. வண்டியைத் திருப்பி வாய்க்காலில் விழுந்தேன். கையில் காயத்தோடு தப்பினேன். மாடு கிடந்த இடத்தில், பெரட்டுக்குப் போகும் ஒரு தாய் நடந்து வந்திருந்தால்?

இருட்டில் விமானம் ஓட்டுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அன்றுதான் படிக்கத் தொடங்கினேன்.

நம் கண்ணில் இரு வகை உயிரணுக்கள் உள்ளன. கூம்பணுக்கள் பகலில் நிறங்களைக் காட்டும். கோலணுக்கள் இருட்டில் வேலை செய்யும். இவை முழுமையாகத் தயாராக ஏறக்குறைய 30 நிமிடம் பிடிக்கும். பளீரென்ற வெள்ளை ஒளி சில விநாடி பட்டாலே அந்தக் காத்திருப்பு வீணாகிவிடும். ஆகவே, இரவில் விமானிகள் தங்கள் அறை விளக்குகளை மங்கலாக்கிக் கொள்கிறார்கள்.

அப்படியானால் விளக்கை அறவே அணைத்துவிடலாமே என்பீர்கள். கூடாது. வெளியே அடிவானமே தெரியாத இருட்டில், விமானம் சாய்கிறதா என்று சொல்பவை கருவிகள்தாம். 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் சில நிமிடங்களுக்குள் கடலில் விழுந்து 213 பேரும் மாண்டனர். தலைமை விமானியின் முன்னிருந்த சாய்வு காட்டும் கருவி பழுதாகியிருந்தது. கீழே இருண்ட கடல். மற்றக் கருவிகளோடு அதை அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே, கருவிகளைப் படிக்கும் அளவுக்கு ஒளி வேண்டும். வெளியே பார்வையைக் கெடுக்கும் அளவுக்கு வேண்டாம்.

முன்பு இதற்குச் சிவப்பு விளக்கை விரும்பினார்கள். சிவப்பொளி கோலணுக்களை அதிகம் பாதிப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில், இரவு விமானிகள் புறப்படும் முன் சிவப்புக் கண்ணாடி அணிந்து காத்திருந்தார்கள். ஆனால், சிவப்பொளியில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும்! ஆகவே, இன்றைய பயணிகள் விமானங்களில், விருப்பம்போல் குறைக்கக்கூடிய மெல்லிய வெள்ளை ஒளியே பெரும்பாலும் பயன்படுகிறது. மின்னல் வெட்டும் இடத்தில் மட்டும் கண் கூசாதிருக்க விளக்குகளைக் கூட்டுவார்கள்.

இரவில் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பயணிகள் பகுதியிலும் விளக்கைக் குறைப்பதைச் சிலர் கண்டிருக்கலாம். ஆபத்து நேர்ந்தால், இருட்டில் வெளியேறக் கண் பழகியிருக்க வேண்டும் என்பதே காரணம்.

கோலா சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் போனவர்களுக்கு இது புரியும். படகில் ஏறியதும் கரையெல்லாம் கருமைதான். சற்றுப் பொறுத்தால், மரமெல்லாம் பூத்தது போல் மின்மினிகள் தெரியும். யாராவது கைப்பேசி விளக்கைப் போட்டால் எல்லாம் போச்சு!

நாம் செய்ய வேண்டியது எளிது. இருட்டில் கிளம்பும் முன் சற்று நேரம் மங்கிய ஒளியில் இருங்கள். கைவிளக்கைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். எதிரே வருபவர் முகத்தில் அடிக்காதீர்கள். வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும். முருங்கைக் கீரையும் பப்பாளியும் நம் கொல்லையிலேயே உண்டு. அந்தி சாய்ந்ததும் பிள்ளை தடுமாறினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போதெல்லாம் நான் கிளம்பும் முன் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.