நந்திமலை தந்த நதிகள்

புனித நதிகள் என்றதும் நம் நினைவு இமயத்திற்கே பறந்துவிடுகிறது. பாகீரதியும் அலகநந்தாவும் தேவப்பிரயாகையில் கலந்து கங்கை என்று பெயர் பெறுவதைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால், பெங்களூருக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், ஞாயிறுதோறும் நம் நண்பர்கள் சென்று படம் பிடித்து வரும் நந்திமலையும் நதிகளின் பிறப்பிடமே என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இமயத்து ஆறுகளுக்குக் கோடையில் உருகும் பனி கைகொடுக்கிறது. சுமார் 4,850 அடி உயரமே உள்ள நந்திமலைக்குப் பனி ஏது? மழை ஒன்றே முதல். பாறைப் பிளவுகளில் இறங்கிய மழைநீர் ஊற்றுகளாய்க் கசிந்து ஓடையாகிறது. மழை பொய்த்தால் ஆறும் பொய்க்கும்.

இம்மலைத்தொடரும் அதையடுத்த மேட்டுநிலமும் நீரைப் பிரித்தனுப்பும் முகடு. எந்தச் சரிவில் விழுந்ததோ, அதுவே துளியின் தலையெழுத்து! வடபெண்ணை நெல்லூர் வழியே கடலை அடைகிறது. அர்க்காவதி கனகபுரத்திற்கு அப்பால் காவிரியில் கலக்கிறது. கிழக்கே தோன்றும் பாலாறு 348 கிலோமீட்டர் நடந்து வாயலூரில் கடல் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் அந்தப் பாலாறுதான் 2021 நவம்பரில் கரை புரண்டது.

நான்காவது தென்பெண்ணை. சிவபெருமானின் பினாக வில்லை நினைவூட்டும் ‘தட்சிண பினாகினி’ என்பது அதன் மறுபெயர். கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, திருக்கோவலூரைத் தொட்டுக் கடலூர் அருகே முடிகிறது. தை ஐந்தாம் நாள் எங்கள் பக்கத்தில் ஆற்றுத் திருவிழா. சாமிகளெல்லாம் ஆற்றுக்கு எழுந்தருளும். சிறுவனாக நான் மூழ்கி எழுந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கு வந்தபின்தான் கண்டேன்.

கண்டது மகிழ்ச்சி தரவில்லை. பெங்களூரின் கழிவுநீரில் ஒரு பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே இந்நதியில்தான் சேர்கிறது. சலவைத்தூளில் அழுக்கை நீக்கும் பொருள், நீரின் மேற்பரப்பு இழுவிசையைத் தளர்த்துகிறது. மதகில் நீர் விழுந்து காற்றோடு கலந்ததும் நுரை மலையாய் எழுகிறது. 2017 பிப்ரவரியில் பெல்லந்தூர் ஏரியில் தீயே பற்றியது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலும் அந்நுரை மிதந்ததுண்டு.

சென்ற தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நதி பிறக்கும் இடத்தைப் பார்த்தாயா என்று பாட்டி கேட்டாள். நந்திமலையைப் பற்றி மட்டும் சொன்னேன். பெல்லந்தூரைச் சொல்லவில்லை.