புகையைத் துடைக்காதீர்கள்

2020 செப்டம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நடுப்பகலிலும் விளக்கேற்ற வேண்டியிருந்தது. காட்டுத்தீப் புகை வெயிலை மறைத்து, வானம் முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிட்டது. செல்போனில் அதைப் படம்பிடித்த பலருக்குக் கிடைத்ததோ சாம்பல் நிற வானம். எங்கும் நிறைந்திருந்த ஆரஞ்சைப் பிழையென்று கருதி, கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைச் ‘சரி’செய்துவிட்டது. அந்த மாதம் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளிலும் ‘கிரீக்’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தது. அணைவதற்குள் சுமார் 3.8 லட்சம் ஏக்கரை விழுங்கியது. இப்படிப் புகை படிந்த மலை அந்தியைப் படமாக்குகிறவர் எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது? புகையைத் தொடக்கூடாது என்பதே என் வாதம். அந்தப் படத்தின் பொருளே புகைதான்.

காரணம் நிறத்திலேயே இருக்கிறது. சாதாரண நாளில் காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிதறடிப்பதால் அந்தி சிவக்கிறது. காட்டுத்தீ நாளில் அதோடு, ஒரு மைக்ரானுக்கும் சிறிய புகைத்துகள்கள் கோடிக்கணக்கில் சேர்கின்றன. அவற்றிலுள்ள பழுப்புக் கரிமம் நீலத்தை உறிஞ்சிவிடுகிறது. அதனால் சூரியன் அடிவானத்துக்கு வெகு மேலேயே செந்தட்டாகிவிடும். புகை மிகுந்தால் மலையைத் தொடும் முன்பே காணாமல் போகும். அடுக்கடுக்கான முகடுகளில் பக்கத்தில் இருப்பது கறுத்தும், தொலைவில் இருப்பது வெளுத்தும் தெரிவதும் இதே துகள்களால்தான். அடிவாரத்து ஊர்க்காரர்களின் நுரையீரலுக்குள் போவதும் இவைதான். எடிட்டிங் மென்பொருளில் மங்கலை நீக்கும் டீஹேஸ் கருவியை ஓர் இழுப்பு இழுத்துத் தொலைமுகட்டைத் துலக்கினால், அங்கே இருந்த காற்றையே படத்திலிருந்து எடுத்துவிடுகிறோம்.

ஆகவே ரா கோப்பில் எடுத்து, ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்குரிய 5500 கெல்வின் அளவில் நிறுத்திவிடுவது நல்லது. சிவப்புச் சேனலைத் தனியே கவனிக்க வேண்டும். மொத்த ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டி நிற்கும். அதைக் கவனிக்காமல் இன்னும் வெளிச்சம் கூட்டினால் பச்சை மட்டும் ஏறி, இரத்தச் சிவப்பான சூரியன் மஞ்சள் வில்லையாகிவிடும். ஒன்றிரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்துவிட்டு, முன்னிருக்கும் மரங்களின் வெளிச்சத்தைப் பிறகு மெல்லத் தூக்கிக்கொள்ளலாம். சாச்சுரேஷனைக் கூட்டுவதும் டீஹேஸைப் போன்ற பிழையே. ஒன்று புகையை அழிக்கிறது, மற்றது பூதாகரமாக்குகிறது.

‘கண்ணும்தான் நிறத்தைத் திருத்திக்கொள்கிறது, கேமராவை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?’ என்று கேட்கலாம். கண் ஓரளவு பழகிக்கொள்வது உண்மை. ஆனாலும் சான்பிரான்சிஸ்கோவின் அன்றைய ஆரஞ்சை ஊரே கண்டது, தவறவிட்டது கருவிதான். ‘ஆன்செல் ஆடம்ஸே மாற்றவில்லையா?’ என்பது இதைவிட வலுவான கேள்வி. 1927இல் யோசெமிட்டியின் ஹாஃப் டோமை எடுத்தபோது, சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தை ஏறக்குறைய கறுப்பாக்கினார் அந்த ஒளிப்படக் கலைஞர். ஆனால், கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து அன்று வானம் கறுத்திருந்தது என்று யாரும் நம்பப்போவதில்லை. வண்ணப் படத்தைப் பார்ப்பவர் நிறத்தைத் தகவலாகவே எடுத்துக்கொள்கிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மிஞ்சுவது மனசாட்சியின் கேள்வி: ஊர் எரியும்போது அதன் அந்தியை அழகென்று காட்டலாமா? காட்டலாம் என்றே நினைக்கிறேன். அந்தச் செக்கர் வானம் அழகாக இருந்ததும் உண்மை, அது எரிந்த காட்டின் நிறம் என்பதும் உண்மை. முதல் உண்மையை நிறம் சொல்லிவிடும். இரண்டாவதைப் படக்குறிப்புதான் சொல்ல வேண்டும். தீயின் பெயர், இடம், தேதி ஆகிய மூன்றும் கீழே இல்லையென்றால், எவ்வளவு நேர்மையாக எடிட் செய்த படமும் வெறும் வாழ்த்து அட்டைதான்.