மெரான் வழியும் ஆனந்தின் இரு மந்திரிகளும்

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் கடற்கரைச் சிற்றூரான வைக் ஆன் ஸேயில் நடைபெற்ற டாடா ஸ்டீல் சதுரங்கப் போட்டியில், அப்போதைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ஆடி, அர்மீனியாவின் லெவோன் அரோனியனை 23 நகர்த்தல்களில் வென்றார். ஒரு தொடக்கத்துள் அடங்கிய எண்ணம் ஆட்டத்தின் முடிவுவரை வேலைசெய்வதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆட்டங்கள் மிகச் சிலவே.

அந்தத் தொடக்கம் அரை ஸ்லாவ் தற்காப்பின் மெரான் பிரிவாகும். 1924இல் இத்தாலியின் மெரானோ நகரில் குரூன்ஃபெல்டுக்கு எதிராகப் போலந்தின் அகிபா ரூபின்ஸ்டைன் இதை ஆடி வென்றதால் அவ்வூரின் பெயரே இதற்கு நிலைத்தது. வெள்ளையின் மந்திரி ஒருமுறை நகர்ந்த பின்னரே கறுப்பு சி4 கட்டத்துச் சிப்பாயை வெட்டுவதால், அதைத் திரும்ப வெட்ட அதே மந்திரி மறுபடியும் நகர நேர்கிறது; உடனே பி5 கட்டத்துக்கு முன்னேறும் கறுப்புச் சிப்பாய் அதை மேலும் ஒருமுறை விரட்டுகிறது. இவ்வாறு ஈட்டிய நேரத்தில் கறுப்பு தன் மந்திரியைப் பி7இல் நிறுத்தி, பின்னர் சி5 நகர்த்தலால் அதற்குப் பாதை திறக்கிறது.

ஆனந்த் 12ஆம் நகர்த்தலில் அப்பாதையைத் திறந்தார். அரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை வெட்டி, அடுத்து யானையையும் வெட்டக் காத்திருந்தபோது, ஆனந்த் யானையைக் காக்காமல் தம் மற்றொரு மந்திரியை, டி4 சிப்பாய் வெட்டக்கூடிய சி5 கட்டத்திலேயே வைத்தார். அடுத்த நகர்த்தல் அதனினும் அரியது: இரண்டு சிப்பாய்கள் வெட்டக்கூடிய ஈ5 கட்டத்துக்குக் குதிரை சென்றது. எஃப் வரிசைச் சிப்பாய் அதை வெட்டினால், கறுப்பு ராணி டி4 சிப்பாயை வெட்டி ராஜாவை மூலைக்குத் துரத்தி, ஜி1இல் தன்னையே பலிகொடுக்க, யானை அதை வெட்டியதும், தன் காய்களாலேயே நெருக்குண்ட ராஜாவுக்கு எஃப்2இல் பாயும் மற்றொரு குதிரை மேட் வைத்துவிடும்.

இந்தத் திட்டம் 2012இல் போரிஸ் கெல்ஃபாண்டுடனான உலகப் பட்டப் போட்டிக்காக ஆயத்தமானது. ஆயினும், ராஜாவை நோக்கி இரு மந்திரிகள் சாய்வாகக் குறிவைக்கும் அக்காட்சி, 1907இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக அதே ரூபின்ஸ்டைன் வென்ற புகழ்பெற்ற ஆட்டத்தையே நினைவூட்டுகிறது. ஆனந்தின் ஆட்டங்களுள் ஒன்றை மட்டும் பலகையில் காய்களை அடுக்கி ஆடிப்பார்க்க விரும்பும் வாசகர் இதையே எடுத்துக்கொள்ளலாம்.