சம்பூர்க் காணி திரும்பிய விதம்

எடுத்த காணி திரும்பி வருமா? மொரகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்களுள் மூழ்கிய எமது மாவட்டத்து வயல்கள் வரப்போவதில்லை. சம்பூரில் நடந்தது வேறு.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ளது சம்பூர். 2006 இல் யுத்தத்தால் எழும்பிய விவசாயக் குடும்பங்கள் கிளிவெட்டி போன்ற முகாம்களில் ஆண்டுக்கணக்காய்க் கிடந்தன. 2007 இல் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2012 இல் பாரிய கைத்தொழில் வலயத்துக்கென 818 ஏக்கர், வர்த்தமானி மூலம் முதலீட்டுச் சபைக்குப் போனது. பக்கத்தில் நிலக்கரி மின்நிலையமும் வரவிருந்தது.

துறைமுகத்தை அண்டிய தொழிற்சாலைகள் வேலை தரும் என்றனர் ஒரு சாரார். வேலை வேண்டாமென்று நாமும் சொல்லமாட்டோம். ஆனால் வயலையும் கடலையும் இழந்தவருக்கு அதில் எத்தனை வேலை என்று எழுதித் தருவது யார்? மாற்றுக் காணி தருகிறோம் என்றபோதும் பலர் அசையவில்லை. சொந்தக் காணியே வேண்டுமென்றனர்.

2015 மே மாதம் ஜனாதிபதி அந்த வர்த்தமானியை இரத்துச் செய்தார். முதலீட்டாளர் நீதிமன்றம் சென்றதால் சற்றே தாமதித்து, 818 ஏக்கரும் உரியவரைச் சேர்ந்தது. 2016 இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. ஆனால் அதற்கென ஒதுக்கிய காணி மட்டும் திரும்பவில்லை. அங்கே 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்டது.